புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் திரை கறுப்பு: கார்டைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. எட்டு வருடப் பழைய டெஸ்க்டாப். அதிலிருந்த சின்ன கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, புதிதாக வாங்கிய பெரிய கார்டைப் போட்டிருக்கிறீர்கள். பழையதற்குத் தனி பவர் கேபிள் கிடையாது, புதியதற்கு 8 பின் கேபிள் ஒன்று வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, விளக்குகள் எரிகின்றன, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. பழைய கார்டைத் திரும்பப் போட்டால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. பவர் சப்ளை 500 வாட். கார்டு பழுதாகவே வந்துவிட்டதா, இல்லை பவர் சப்ளை போதவில்லையா என்பது உங்கள் சந்தேகம்.

இரண்டுமே இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். பழைய கார்டைப் போட்டுச் சோதித்தது மிக நல்ல காரியம். சிபியு, ராம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் அதிலேயே ஏறக்குறைய கழிந்துவிட்டன. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய கார்டை அழுத்திச் செருகும்போது பக்கத்தில் இருக்கும் ராம் குச்சியோ சாட்டா கேபிளோ லேசாக நகர்ந்துவிடுவது சகஜம். அதையும் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். "பூட் ஆகவில்லை" என்பதும் "படம் வரவில்லை" என்பதும் வேறு வேறு. திரை கறுப்பாக இருக்கும்போதே உள்ளே விண்டோஸ் முழுதாக ஏறி, கடவுச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். கண்டுபிடிப்பது சுலபம். மெஷினை ஆன் செய்து இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, கீபோர்டில் நம்லாக் விசையைத் தட்டுங்கள். தட்டத் தட்ட விளக்கு எரிந்து அணைந்தால் மதர்போர்டு தன் ஆரம்பச் சோதனையை முடித்து மேலே போய்விட்டது என்று பொருள். ஸ்பீக்கரில் விண்டோஸ் ஒலி கேட்டாலும், ரவுட்டரின் பட்டியலில் உங்கள் கணினி தெரிந்தாலும் அதே முடிவுதான். அப்படியானால் சிக்கல் கார்டுக்கும் மானிட்டருக்கும் நடுவில் இருக்கிறது. நம்லாக் விளக்கு அசையவே இல்லை என்றால் மெஷின் ஆரம்பச் சோதனையிலேயே நின்றுவிட்டது. அங்கே தேட வேண்டிய இடம் வேறு.

மதர்போர்டில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் எழுதிய நான்கு குட்டி விளக்குகள் ஓர் ஓரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா போர்டிலும் இருக்காது. இருந்தால், எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. விஜிஏ நின்றால் கார்டு பக்கம், டிராம் நின்றால் நான் சொன்ன அந்த ராம் குச்சி. விளக்கு இல்லாத போர்டில் பீப் ஒலியை நம்ப வேண்டும். ஒரு நீள ஒலி, பின்னாலேயே இரண்டோ மூன்றோ குட்டை ஒலி என்று வந்தால் பெரும்பாலும் கிராபிக்ஸ்தான். ஆனால் ஒலி கேட்க போர்டில் சின்ன ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். இப்போது வரும் கேபினட்டுகளில் அதைத் தருவதே அரிது. ஒலி வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சரி, மானிட்டர் கேபிளைப் பார்ப்போம். சிரிக்காதீர்கள், இதில் நானே ஒரு சாயங்காலம் முழுக்கத் தொலைத்திருக்கிறேன். கார்டை மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகுதான், எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகியிருப்பதைக் கவனித்தேன். தனி கார்டு போட்டதும் பெரும்பாலான போர்டுகள் தங்கள் சொந்தப் படத்தை நிறுத்திவிடும். கேபிள் கார்டின் பின்பக்கத்துக்குத்தான் போக வேண்டும். புது கார்டின் துளைகளில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினீர்களா, மானிட்டர் மெனுவில் சரியான இன்புட்டைக் கையால் தேர்ந்தெடுத்தீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியை நான் நம்புவதே இல்லை.

பழைய மானிட்டரும் நீல நிற விஜிஏ கேபிளும் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசை 2016இல் வந்தபோதே டிவிஐ துளையிலிருந்து அனலாக் சிக்னல் போய்விட்டது. பழைய கார்டில் வேலை செய்த அந்த விலை மலிந்த டிவிஐ – விஜிஏ மாற்றி புதிய கார்டில் பிரயோஜனப்படாது. அது வெறும் கம்பியை மாற்றிக் கொடுப்பதுதான், சிக்னலை மாற்றாது. உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும், அல்லது டிஜிட்டல் துளையுள்ள மானிட்டர் வேண்டும்.

டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மாட்டியிருந்தால், எச்டிஎம்ஐயில் ஒருமுறை முயன்று பாருங்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை. என்விடியாவின் மேக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளை டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டரோடு இணைத்தால், விண்டோஸ் ஏறும்வரை திரை கறுப்பாகவே இருப்பதும், சில சமயம் பூட் பாதியில் தொங்கிவிடுவதும் நடந்தது. அதைத் திருத்த அந்த நிறுவனமே 2018இல் ஒரு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) அப்டேட் வெளியிட்டது. உங்கள் கார்டு அந்தத் தலைமுறையாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கேபிளை மாற்றுவது ஒரு நிமிட வேலை.

இனி கரன்ட். புது கார்டு விஷயத்தில் அதிகமான கோளாறு ஒளிந்திருப்பது இங்கேதான்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட். உங்கள் பழைய கார்டு அதற்குள்ளேயே வாழ்ந்துவிட்டது. 6 பின் கேபிள் மேலும் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். 8 பின் துளை வைத்த கார்டு அந்தக் கேபிள் இல்லாமல் படம் காட்டாது. அல்லது "மெஷினை அணைத்துவிட்டுப் பவர் கேபிளை மாட்டு" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். கேபிள் இல்லாவிட்டாலும் கார்டின் ஃபேன் சுற்றலாம் என்பதுதான் பலரை ஏமாற்றுவது. மறுபக்கமும் உண்டு. இப்போதைய கார்டுகள் பலவற்றில், சூடு ஏறும்வரை ஃபேன் சுற்றவே சுற்றாது. ஆகவே ஃபேன் சுற்றுவது உயிரோடு இருப்பதற்கும் அடையாளமில்லை, சுற்றாதது சாவுக்கும் அடையாளமில்லை.

கேபிள் மாட்டியிருக்கிறேன் என்கிறீர்களா? எந்தக் கேபிள்? சிபியுவுக்குப் போகும் 8 பின் கேபிளும் கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே 12 வோல்ட் கம்பியும் எர்த் கம்பியும் இடம் மாறி இருக்கும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாக நுழையாது; பலவந்தம் பண்ணினால் நுழைந்துவிடும். அடையாளம் சுலபம்: சிபியு கேபிள் நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும். அந்த இரண்டு பின் துண்டு பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டு, ஆறு மட்டும் உள்ளே போயிருப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கொக்கி "டக்" என்று விழும்வரை அழுத்த வேண்டும்.

கேபிள்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகை பவர் சப்ளை வைத்திருந்தால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை இன்னொன்றில் மாட்டவே மாட்டாதீர்கள். கார்டு பக்கம் எல்லாம் ஒரே மாதிரிதான். பவர் சப்ளை பக்கம் எந்தக் கம்பி எங்கே என்பதற்குப் பொது விதியே கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கே பொருந்தாமல் போகலாம். டிராயரில் கிடந்த கேபிள் நீளமாக இருக்கிறதே என்று எடுத்து மாட்டியதில் எனக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் போனது. புகை வரும்வரை தெரியவில்லை.

16 பின் சின்ன இணைப்பு உள்ள பெரிய கார்டு என்றால், அது கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது இந்த இணைப்பு உருகிய செய்திகள் நினைவிருக்கலாம். முழுதாகச் செருகாதது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறகு வந்த திருத்தப்பட்ட வடிவத்தில் அடையாளம் சொல்லும் குட்டிப் பின்களைக் குறுக்கிவிட்டார்கள். இணைப்பு சரியாக உட்காராவிட்டால் கார்டு ஆன் ஆகாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதைக் கார்டு பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

500 வாட் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இப்படிக் கறுப்புத் திரை என்றாலே "பவர் சப்ளையை மாற்று" என்று சொல்வதற்கு நாலு பேர் தயாராக இருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூட் ஆகும் நேரத்தில் கார்டு சும்மாதான் இருக்கிறது. அதன் முழுப் பசியில் சின்னப் பங்கைத்தான் அப்போது இழுக்கும். வாட் பற்றாக்குறை தன் முகத்தைக் காட்டுவது கேம் தொடங்கிய பிறகு. கார்டு சில மில்லிசெகண்டுகளுக்குத் தன் சராசரியைவிட வெகுவாக அதிகமாக இழுக்கும், பவர் சப்ளை அதை ஷார்ட் என்று நினைத்து மொத்தமாக அணைத்துவிடும். பவர் சப்ளைகளுக்கு ஏடிஎக்ஸ் 3.0 என்ற புதிய தரம் 2022இல் வந்ததற்கு இந்தத் திடீர் இழுப்பும் ஒரு காரணம். ஆகவே கேம் நடுவில் கணினி பட்டென்று அணைந்தால் பவர் சப்ளையைச் சந்தேகப்படுங்கள். ஆன் செய்ததிலிருந்தே திரை கறுப்பு என்றால், அதன் மேல் பழி போடுவது கடைசியில்தான். கார்டு தயாரிப்பாளர் குறைந்தது எத்தனை வாட் வேண்டும் என்று சொல்கிறாரோ அதற்கு உங்கள் 500 எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது வேறு கணக்கு.

பொத்தானை அழுத்தியதும் ஒரு கணம் உயிர் வந்து உடனே அணைந்துவிடும் மெஷின் என்றால் கதை மாறும். அது எங்கோ ஷார்ட் ஆகிறது என்பதற்கான அறிகுறி: கேபினட்டுக்குள் விழுந்த திருகு, தவறான கேபிள், உண்மையிலேயே பழுதான கார்டு. உங்களுடையது அப்படி இல்லை என்பதால் இதை நீட்டவில்லை.

அடுத்தது, கார்டு உட்கார்ந்திருக்கும் விதம். பவர் சப்ளையின் பின்பக்க ஸ்விட்சை அணைத்து, முன் பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். சிபியுவுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்தான் வேண்டும். கீழே இருப்பவற்றில் பல, பார்க்க அதே நீளம் இருந்தாலும் உள்ளே பாதிக்கும் குறைவான இணைப்போடுதான் வரும். கார்டின் உலோகத் தகடு கேபினட்டின் விளிம்பில் இடித்தால், முன்பக்கம் உட்கார்ந்து பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். கழுத்தைச் சாய்த்து ஸ்லாட்டின் நீளத்துக்கும் பார்த்தால், தங்க நிறப் பட்டை ஒரு பக்கம் மட்டும் வெளியே தெரிவது புரியும். ஸ்லாட்டின் நுனிக் கொக்கி தானாக மூட வேண்டும். திருகை முதலில் முறுக்கிவிட்டு அப்புறம் அழுத்துபவர்களுக்கு இந்தக் கோணல் அடிக்கடி வரும். கார்டு கனமாக இருந்தால், சோதனைக்காகக் கேபினட்டைப் படுக்கப் போட்டுவிடுங்கள். தொங்கும் சிக்கல் தற்காலிகமாகப் போய்விடும்.

கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருக்கிறீர்களா? அதை எடுத்துவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள். பிசிஐஇ மூன்றாம் தலைமுறைக்கான ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டும் போர்டும் தங்கள் வேகத்தில் பேச முயன்று, சிக்னல் சிதைந்து, கறுப்புத் திரையில் முடிவது தெரிந்த கதை. விண்டோஸுக்கு முன்னால் ஓடும் மதர்போர்டின் மென்பொருளான பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தைக் கையால் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் சரியாகிவிடும்.

இவ்வளவும் சரி, இன்னும் கறுப்பு என்றால், உங்கள் எட்டு வருடப் பழைய போர்டில் என் கண் பயாஸ் மேல்தான் போகும். பிசிஐஇ தலைமுறை வேறாக இருப்பது தடையே இல்லை; புதிய கார்டு பழைய ஸ்லாட்டில் குறைந்த வேகத்தில் ஓடும் என்பதுதான் அதன் ஏற்பாடு. தடை வேறு இடத்தில். கணினி ஆன் ஆகும்போது, விண்டோஸும் டிரைவரும் வருவதற்கு முன்னாலேயே திரையில் எழுத வேண்டியது கார்டின் சொந்த ஃபர்ம்வேர். அது யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் பேசும். பழைய போர்டுகளோ சிஎஸ்எம் என்ற பழைய பாணி அமைப்பை ஆன் செய்துவைத்திருக்கும். இரண்டும் ஒருவர் பேச்சை மற்றவர் புரிந்துகொள்ளாவிட்டால், கார்டு நன்றாக இருந்தும் படம் வராது. 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 வரிசைக்கே, சில போர்டுகளில் ரீஸ்டார்ட் செய்யும்போது திரை கறுத்துப்போவதைத் திருத்த என்விடியா ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தது. இதே கோளாறு தலைகீழாகவும் வரும்: யாரிடமோ வாங்கிய மிகப் பழைய கார்டுக்கு யூஇஎஃப்ஐ தெரியாது, சிஎஸ்எம் அணைந்த புது போர்டில் அது ஊமையாக உட்கார்ந்திருக்கும்.

படமே வராத கார்டை வைத்துக்கொண்டு பயாஸுக்குள் எப்படிப் போவது? பழைய கார்டு இருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டு போங்கள். சிபியுவுக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் அதுவும் போதும். ஆனால் இன்டெல் மாடலின் பெயர் எஃப் எழுத்தில் முடிந்தால் அது இருக்காது. ஏஎம்டியின் ரைசன் 7000க்கு முந்தைய டெஸ்க்டாப் சிப்களில் பெரும்பாலும் ஜி எழுத்தில் முடிபவற்றுக்குத்தான் உண்டு. உள்ளே போனதும் முதல் வேலை பயாஸ் பதிப்பைப் பார்ப்பது. போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் புதியது இருந்தால், பழைய கார்டு மாட்டியிருக்கும்போதே அப்டேட் செய்துவிடுங்கள். பயாஸ் அப்டேட்டைக் கண்டு தேவையில்லாமல் பயப்படுகிறவர்கள் உண்டு. கரன்ட் போகாமல் பார்த்துக்கொண்டு, மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துச் செய்தால் பத்து நிமிட வேலைதான்.

அடுத்து சிஎஸ்எம்மை அணைப்பது. இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் விண்டோஸ், டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்பிஆர் முறையில் (புதியது ஜிபிடி) நிறுவியது என்றால், சிஎஸ்எம்மை அணைத்ததும் படம் வந்துவிடும், ஆனால் பூட் செய்ய டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றை வாங்கியதாகிவிடும். முன்கூட்டியே விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸில் பார்ட்டிஷன் வகை ஜிபிடியா எம்பிஆரா என்று பாருங்கள். எம்பிஆர் என்றால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி தகவல்களை அழிக்காமல் மாற்றித்தரும். அழிக்காது என்றாலும் பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள். டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், பயாஸில் கை வைத்த பிறகு மீட்புச் சாவி கேட்கலாம். அதையும் முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் அமைப்புகளை மொத்தமாக அழித்துப் பார்க்கும் பழைய வைத்தியமும் பலிக்கும். கரன்ட்டைத் துண்டித்து, நாணயம் போன்ற அந்த சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. ஆனால் வரிசை முக்கியம். சிஎஸ்எம்மையும் ஸ்லாட் வேகத்தையும் மாற்றிவிட்டு, அப்புறம் பேட்டரியைக் கழற்றினால், மாற்றியதெல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். முதலில் அழிப்பது, பிறகு மாற்றுவது. அழித்த பின் முதல் தடவை பூட் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுக்கும். டிடிஆர்5 ராம் உள்ள புதிய போர்டுகளில் பல நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் திரை கறுப்பாக இருக்கிறதே என்று பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, "இன்னும் வரவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய. காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

லோகோ தெரிகிறது, விண்டோஸ் சுழலும் புள்ளிகளும் தெரிகின்றன, அப்புறம்தான் கறுப்பு என்றால் மேலே சொன்ன எதையும் தொட வேண்டாம். கார்டும் கரன்ட்டும் சரி; மிச்சம் டிரைவர். பழைய கார்டு ஏஎம்டி, புதியது என்விடியா என்று குலம் மாறியிருந்தால் இது அதிகம். சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை நிறுவினால் தீரும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் ஸ்லாட்டையும் பயாஸையும் சேர்த்து மாற்றி, படம் வந்துவிட்டால் எதனால் வந்தது என்று தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும்போது முதலிலிருந்து தேட வேண்டும்.

கடைசியாக, கார்டை வேறு ஒருவரின் டெஸ்க்டாப்பில் போட்டுப் பார்ப்பது. புதிய போர்டாகவும், தேவையான பவர் கேபிள் உள்ளதாகவும் இருக்கட்டும். அங்கே படம் வந்தால் கார்டு குற்றமற்றது. திரும்ப உங்கள் பயாஸுக்கும் பவர் சப்ளைக்கும்தான் வர வேண்டும். அங்கேயும் கறுப்பு, எச்டிஎம்ஐயிலும் டிஸ்ப்ளே போர்ட்டிலும் கறுப்பு, கார்டின் சொந்த பயாஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குட்டி ஸ்விட்ச் இருந்து அதைத் தள்ளிப் பார்த்தும் கறுப்பு என்றால், இப்போது தைரியமாகப் பழுது என்று சொல்லலாம். அதன் பிறகு அதைத் திறக்கவோ அதன் ஃபர்ம்வேரை நீங்களாக மாற்றி எழுதவோ போகாதீர்கள், வாரண்டி தகராறாகிவிடும். எந்தெந்தக் கணினியில், எந்தக் கேபிளில், எந்தத் துளையில் பார்த்தீர்கள் என்று நான்கு வரி எழுதி, உள்ளே வந்த கேபிள், மூடிகள், பெட்டி எல்லாவற்றோடும் வாங்கிய இடத்துக்கே அனுப்பிவிடுங்கள்.